கண்ணாடிக்குத் தெரியாத சொத்தை

கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஒரு பக்கச் சுவர் பெயர்ந்து நாக்கில் வந்து விழுந்தபோது எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அன்று காலை வரை அந்தப் பல்லில் கூச்சம்கூடக் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தவள் நான். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவர் சின்னக் கண்ணாடியை வைத்து எல்லாப் பல்லையும் பார்த்துவிட்டு, "கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லா இருக்கு" என்று சொல்லியிருந்தார். 'கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும்' என்று அவர் சேர்த்துச் சொன்னதை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நான்தான். ஐந்து வருடமாக எக்ஸ்-ரே எடுக்க விடவே இல்லை. முதல் முறை வேண்டாம் என்றபோது வயிற்றில் என் மகள் இருந்தாள். டாக்டரும் வற்புறுத்தவில்லை. "வலி, வீக்கம் எதுவும் இல்லை, பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கலாம்" என்றார். பிரசவம் முடிந்தது. அடுத்த தடவை தாய்ப்பால் கொடுப்பதைக் காரணம் சொன்னேன். அதற்கும் எக்ஸ்-ரேக்கும் சம்பந்தமே இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதற்கு அடுத்த தடவை காரணம் எதுவும் இல்லை, "வலிக்கவில்லையே, வீணாக எதற்குக் கதிர்வீச்சு?" என்று கேட்டேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது. அவர் கேட்பார், நான் தலையை ஆட்டுவேன், அவர் என் குறிப்பில் ஏதோ எழுதுவார்.

பல் உடைந்த அன்று மறுக்க வழியில்லை. அந்தப் பல்லை மட்டும் வேர் நுனி வரை ஒரு படம், பிறகு இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்களுக்கு இரண்டிரண்டு படம். திரையில் வந்ததை டாக்டர் பென்சில் முனையால் காட்டினார். உடைந்த பல்லின் உள்ளே கறுப்பாக ஒரு குகை. அது நேராக நரம்பு இருக்கும் அறை வரை போயிருந்தது. அதை ஒட்டியிருந்த பல்லில், சரியாக எதிரெதிராக, இன்னொரு கறுப்பு நிழல். ஒன்றுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டியதாயிற்று. மற்றதை அடைத்தே காப்பாற்றிவிட்டார். "இது இரண்டு மூணு வருஷமா வளர்ந்திருக்கும்" என்று அவர் சொன்னபோது குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அந்த இரண்டு மூன்று வருடத்தில் எத்தனை முறை அதே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன்!

ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்த விஷயத்தில் நான் கற்ற முதல் பாடம்.

ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து பக்கம். மெல்லும் மேல்பரப்பு, கன்னத்தைப் பார்த்த பக்கம், நாக்கைப் பார்த்த பக்கம், முன்னால் இருக்கும் பல்லைத் தொடும் பக்கம், பின்னால் இருக்கும் பல்லைத் தொடும் பக்கம். கண்ணாடியில் முதல் மூன்றுதான் தெரியும். மற்ற இரண்டும் பக்கத்துப் பல்லோடு ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும். சொத்தை பிடிக்க அதுதான் தோதான இடம்: பற்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளிக்குச் சற்றுக் கீழே, பிரஷ் நார் போகாத, எச்சில் சரியாக அலசாத இடுக்கு. அங்கே தொடங்கும் சொத்தை, பல்லின் கெட்டியான வெளி ஓடான எனாமலில் சின்னதாகத் துளைத்துக்கொண்டு போகும். உள்ளே இருக்கும் டென்டின் எனாமலைவிட மென்மையானது. அதை எட்டியதும் பக்கவாட்டில் பரவும். மேலே எனாமல் கூரை மாதிரி அப்படியே நிற்கும். கூரை தாங்கும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. என் பல்லில் அன்று விழுந்தது அந்தக் கூரையின் ஒரு மூலை.

வலி ஏன் இல்லை? எனாமலில் நரம்பே கிடையாது. சொத்தை டென்டினுக்குள் வந்த பிறகும், மெதுவாக வளர்ந்தால் பல் உள்பக்கமாகப் புதிதாகக் கொஞ்சம் டென்டினைச் சேர்த்து நரம்பைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் பல வருடம் சத்தமே இல்லாமல் போகலாம். வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த எனக்கு, வலி வரும்போது சின்னதாக அடைத்து முடிக்கும் கட்டம் பெரும்பாலும் தாண்டியிருக்கும் என்பது அன்றுதான் உறைத்தது.

படத்தை எப்படிப் பார்ப்பது என்பதையும் அன்று கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அடர்த்தியான பொருள் கதிரைத் தடுக்கும். படத்தில் வெள்ளையாக விழும். உலோக அடைப்பு, கேப் எல்லாம் பளிச்சென்று வெள்ளை. எனாமலில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது உப்புதான். அதனால் அதுவும் வெள்ளை. டென்டின் சாம்பல். நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் இடம் கறுப்பு. தாது கரைந்துபோன இடமும் கறுப்பாகத் தெரியும், அதுதான் சொத்தை. பற்களுக்கு இடையில் எலும்பு ஒரு வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். எனாமல் முடியும் கோட்டிலிருந்து ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் கீழே அந்த வரப்பு இருந்தால் நல்லது. அதற்கும் கீழே இறங்கியிருந்தால் ஈறு நோய் எலும்பைத் தின்றிருக்கிறது என்று பொருள். இவ்வளவு தெரிந்தாலே போதும், டாக்டர் காட்டும்போது நம்மாலும் பின்தொடர முடிகிறது. "படத்தைக் காட்டி விளக்குங்க" என்று கேட்கத் தயங்கவே கூடாது. இதுவரை நான் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை.

வழக்கமான பரிசோதனையில் எடுக்கும் அந்த நாலு படத்துக்கு 'பைட்-விங்' என்று பெயர். ஒரு சின்னத் தகட்டையோ சென்சாரையோ வாய்க்குள் வைத்து, அதிலிருந்து நீட்டியிருக்கும் பட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அதனால் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டின் தலைப்பகுதியும் ஒரே படத்தில் விழும். அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோவர்ட் ரேப்பர் 1925-ல் கொண்டுவந்த முறை இது. இத்தனை வருடம் ஆகியும் பல்லிடுக்குச் சொத்தையைத் தேட இன்னமும் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட பல்லை வேர் நுனி வரை பார்க்க எடுப்பது பெரிஅபிகல். சீட்டில் சிலர் ஐஓபிஏ என்று எழுதுவார்கள். எந்திரம் தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே அகலப் படமாகத் தருவது ஓபிஜி. முப்பரிமாணமாகக் காட்டுவது சிபிசிடி. நான்கும் நான்கு வேலைக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் 'எக்ஸ்-ரே' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சேர்த்துப் பயந்ததுதான் நான் செய்த பெரிய தவறு.

இனி அந்தப் பயத்தைப் பற்றி. அது காரணமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியில் ஓட்டோ வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தன் வாயில் ஒளிப்படம் பதியும் கண்ணாடித் தகட்டை வைத்துப் பல்லைப் படம் எடுத்துக்கொண்டார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பல் எக்ஸ்-ரேயின் முன்னோடிகளில் ஒருவரான எட்மண்ட் கெல்ஸ், கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தன் கையையே கதிரின் முன்னால் காட்டிக்கொண்டிருந்தார். புற்றுநோய் வந்து விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1928-ல் இறந்தார். இன்றைக்குப் பாதுகாப்பு விதிகள் இவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றன என்றால் அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உடம்பு இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஆனால் அன்றைய கதிரின் அளவு வேறு, இன்றைய அளவு வேறு. மண், பாறை, காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே நம் ஒவ்வொருவர் மேலும் கதிர்வீச்சு பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட். உலக சராசரியாக வருடத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட், நாளுக்கு என்று பிரித்தால் ஆறு, ஏழு மைக்ரோசீவர்ட் வரும். டிஜிட்டல் சென்சாரில் எடுக்கும் ஒரு சின்னப் பல் படத்துக்கு ஏறத்தாழ 5 மைக்ரோசீவர்ட், பல நேரம் அதற்கும் குறைவு. சும்மா இருந்தாலே ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் அளவுதான் அது. ஓபிஜிக்கு ஏறத்தாழ 10 முதல் 25 வரை. சிபிசிடியில் எந்திரத்தையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்துச் சில பத்துகளில் தொடங்கிச் சில நூறுகள் வரை போகும். இந்த வரிசையைத் தெரிந்துகொண்ட பிறகு என் பயம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சின்னப் படத்துக்குப் பயப்படுவதில்லை. சிபிசிடி என்றால் எதற்கு என்று கட்டாயம் கேட்பேன்.

படம் எடுப்பவர் மட்டும் வெளியே போய்விடுகிறாரே, அப்படியானால் ஆபத்துதானே என்று என் அம்மா கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. நமக்கு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ நாலு படம். அவர் நாள் முழுக்க, வருடம் முழுக்க எடுக்கிறார். தனக்கு எந்தப் பலனும் இல்லாத கதிரை அவர் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? விலகி நிற்பதுதான் முறை.

ஈயக் கவச அங்கி விஷயத்திலும் என் எண்ணம் மாறியது. முன்பு அது இல்லாமல் உட்காரவே மாட்டேன். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல், பல் எக்ஸ்-ரேக்கு ஈய அங்கியும் கழுத்துப் பட்டையும் இனி தேவையில்லை என்று பரிந்துரைத்தது. இன்றைய கருவியில் கதிர்க்கற்றை குறுகலானது, குறி வைத்த இடத்தில்தான் படுகிறது. உடம்புக்குள்ளேயே சிதறும் கொஞ்சக் கதிரை வெளியே போர்த்திய அங்கி தடுக்காது. சில நேரம் அங்கியோ பட்டையோ குறுக்கே வந்து படத்தைக் கெடுத்து, மறுபடி எடுக்க வைத்துவிடும். பல இடங்களில் உள்ளூர் விதிப்படி இன்னும் போர்த்துகிறார்கள். போர்த்தினால் போர்த்திக்கொள்வதில் தப்பில்லை. அதைவிட உபயோகமான கேள்வி ஒன்று உண்டு: கதிர் வரும் குழாயின் வாய் வட்டமா, செவ்வகமா? சென்சார் செவ்வகம்தான். குழாயும் செவ்வகமாக இருந்தால் தேவையில்லாமல் கதிர் படும் பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.

கர்ப்பகாலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மறுப்பு தொடங்கியதே அங்கேதான். வழக்கமான படத்தைத் தள்ளிப்போட்டதில் தவறில்லை. ஆனால் வலியோ வீக்கமோ இருந்திருந்தால் மறுத்தது தவறாகியிருக்கும். கதிர் தாடையை நோக்கிப் போகிறது, வயிற்றை நோக்கி அல்ல. குழந்தைக்குப் போய்ச் சேரும் அளவு மிக மிகச் சொற்பம். கவனிக்காமல் விட்ட சீழ்க்கட்டிதான் தாய்க்கு உண்மையான ஆபத்து. கர்ப்பம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், சந்தேகமாக இருந்தாலும் சொல்லுங்கள். தேவையான படத்தை மட்டும் அந்தக் காரணத்துக்காக மறுக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் எனக்கு உண்டு. வீடு மாறிய பிறகு வேறொரு பல் மருத்துவமனைக்குப் போனேன். பெயரை எழுதிக் கொடுத்த உடனே, "முதல்ல ஓபிஜி எடுத்துட்டு வந்துடுங்க, அப்புறம் டாக்டர் பார்ப்பாங்க" என்றார்கள். எனக்கு முன்னால் வந்தவருக்கும் அதேதான், பின்னால் வந்தவருக்கும் அதேதான். பழைய நானாக இருந்தால் கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன், அல்லது எதுவும் கேட்காமல் போய் நின்றிருப்பேன். அன்று, "டாக்டர் வாயைப் பார்த்த பிறகு அவர் சொல்கிற படத்தை எடுத்துக்கொள்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு எடுத்த பைட்-விங் படங்கள் என்னிடம் இருக்கின்றன" என்று பொறுமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் காக்க வைத்தார்கள். டாக்டர் கூப்பிட்டார், வாயைப் பார்த்தார், போனில் இருந்த பழைய படங்களைத் தன் கணினிக்கு அனுப்பச் சொல்லிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இப்போதைக்கு எதுவும் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

ஓபிஜி மோசமான படம் இல்லை. ஞானப்பல் எப்படிப் புதைந்திருக்கிறது, தாடையில் கட்டி ஏதும் இருக்கிறதா, வரவேண்டிய பல் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வேண்டும். ஆனால் பல்லிடுக்கில் தொடங்கும் சின்னச் சொத்தையை அது பைட்-விங் அளவுக்குத் துல்லியமாகக் காட்டாது. பற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தெரியும். முன்பற்களின் மேல் முதுகெலும்பின் நிழல் வேறு. என்ன தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல் எல்லோருக்கும் ஒரே படத்தை எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் வாயைப் பார்த்து, பழைய சிகிச்சைகளைக் கேட்டு, அதற்குப் பிறகே எந்தப் படம் என்று முடிவு செய்ய வேண்டும் என்றுதான் வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. அதனால் இப்போது எங்கே போனாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் படத்தில் எதைத் தேடப் போகிறீர்கள்?" நல்ல டாக்டரிடம் இதற்கு ஒரு வரியில் பதில் இருக்கும். 'கீழ்ப்பக்கம் அந்தப் பழைய அடைப்புக்கு அடியில் புதுசா சொத்தை இருக்கான்னு பார்க்கணும்' என்று குறிப்பாகச் சொல்வார். பதில் வந்துவிட்டால் நான் மறுப்பதே இல்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2012 வழிகாட்டுதலில், சொத்தை அபாயம் அதிகமில்லாத பெரியவர்களுக்கு பைட்-விங் 24 முதல் 36 மாதத்துக்கு ஒரு முறை என்று இருந்தது. அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு 6 முதல் 18 மாதத்துக்கு ஒரு முறை. அண்மையில் சொத்தை வந்தவர்கள், மாத்திரைகளால் வாய் வறண்டு போகிறவர்கள், அடிக்கடி இனிப்பு எடுத்துக்கொள்கிறவர்கள், பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள் எல்லாம் அபாயம் உள்ளவர்கள். பல் உடைந்த பிறகு நானும் அந்தப் பட்டியலில் சேர்ந்தேன். முதலில் பன்னிரண்டு மாதம், அப்புறம் பதினெட்டு என்று வைத்துக்கொண்டோம்.

இந்த இடைவெளி எனக்கு எவ்வளவு பெரிய நன்மை செய்தது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பல் உடைந்த அன்று எடுத்த படங்களில் இன்னொன்றும் தெரிந்திருந்தது. மேல் வலப்பக்கச் சிறு கடைவாய்ப் பல்லின் எனாமலில், பக்கவாட்டில், ஒரு குட்டி முக்கோண நிழல். ஒரு பல்லை அப்போதுதான் இழக்கப் பார்த்த பதற்றத்தில் நான், "அதையும் இப்பவே அடைச்சிடுங்க டாக்டர்" என்றேன். அவர் மறுத்துவிட்டார். "இது இன்னும் எனாமலுக்குள்ளதான் இருக்கு. மேல ஓட்டை விழல. இப்ப குடைஞ்சா நல்ல பல்லையும் சேர்த்து எடுக்கணும். ஒரு தடவை அடைச்ச பல்லு வாழ்நாள் முழுக்க அடைச்ச பல்லுதான். அது வளருதா நின்னுடுச்சான்னு பார்ப்போம்."

ஒரே ஒரு படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாதாம். படம் ஒரு கணத்தைத்தான் காட்டும். ஒரு நிழல் பத்து வருடமாக அப்படியே நின்றுபோனதாக இருக்கலாம். மூன்று மாதத்தில் வேகமாக வளர்ந்ததாகவும் இருக்கலாம். அதிலும் படம் எப்போதும் குறைத்துத்தான் காட்டும். தாதுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது கரைந்த பிறகுதான் நிழல் விழ ஆரம்பிக்கும். அதனால் திரையில் தெரிவதைவிட உண்மையான சொத்தை கொஞ்சம் முன்னே போயிருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டாவது படம் வேண்டும், அதுவும் முடிந்தவரை அதே கோணத்தில்.

அந்த ஒரு வருடமும் இரவில் ஒரு நாள்கூட விடாமல் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் போட்டேன். ஃப்ளூரைடு பேஸ்ட்டால் துலக்கிவிட்டு, வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் நுரையை மட்டும் துப்பினேன். டாக்டர் இரண்டு முறை ஃப்ளூரைடு வார்னிஷ் பூசிவிட்டார். சாப்பாட்டுக்கு நடுவில் இனிப்பு எடுப்பதை நிறுத்தினேன். பன்னிரண்டாவது மாதம் புதுப் படத்தையும் பழைய படத்தையும் அருகருகே திரையில் வைத்தார். முக்கோணம் அதே அளவில் இருந்தது. நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். அடுத்த பதினெட்டு மாதம் கழித்தும் அப்படியே. அந்தப் பல்லில் இன்றுவரை டிரில் படவில்லை. எக்ஸ்-ரே என்றால் சொத்தையைக் கண்டுபிடித்துக் குடைய வைக்கும் கருவி என்று நினைத்திருந்தேன். என் விஷயத்தில் குடைய வேண்டாம் என்று தைரியமாகச் சொல்ல வைத்ததும் அதே எக்ஸ்-ரேதான்.

அதனால் பழைய படங்களைப் பத்திரப்படுத்துங்கள். நான் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிவிடுகிறேன். திரையைப் போனில் படம் பிடித்துக்கொள்வது போதாது. வெளிச்சமும் கோணமும் மாறி நுணுக்கம் போய்விடும். கணினியிலிருந்து அசல் கோப்பையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். தேதியும், வலமா இடமா என்பதும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். ஃபிலிமில் எடுத்த பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் தூக்கிப் போடவேண்டாம். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் புதியவருக்கு உங்கள் வாயின் கடந்த காலம் அதில்தான் இருக்கிறது. போன வருடப் படம் கையில் இருந்தால், அதே படத்தை மறுபடி எடுக்க வேண்டியதும் இல்லை.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு ஒரு கட்டத்தில் வந்தது. அதை உடைத்தது என் அக்காவின் பல். கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் மட்டும் சுளீரென்று வலி. இரண்டு கோணத்தில் படம் எடுத்தும் சுத்தமாக இருந்தது. "உனக்கு மனப்பிரமை" என்றுகூட வீட்டில் சொன்னார்கள். கடைசியில் டாக்டர் அந்தப் பல்லின் மேல்பரப்பில் இருக்கும் ஒவ்வொரு முகட்டாலும் தனித்தனியாகக் கடிக்க வைத்து, ஒளி பாய்ச்சிப் பார்த்து, பல்லில் நெடுக்காக ஒரு விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தார். தட்டையான படத்தில் மெல்லிய விரிசல் பெரும்பாலும் தெரியாது. அதே மாதிரி, வேர் நுனியில் சீழ் கட்டத் தொடங்கிய முதல் நாட்களில் படம் சாதாரணமாகவே இருக்கலாம்; எலும்பு போதுமான அளவு கரைந்த பிறகுதான் கறுப்பு தெரியும். ஈறு விஷயத்தில், இதுவரை எவ்வளவு எலும்பு போயிருக்கிறது என்று படம் சொல்லும். இன்றைக்கு அங்கே நோய் இருக்கிறதா என்பதை ஈறு ஆழம் அளக்கும் கருவியும் ரத்தக்கசிவும்தான் சொல்லும். படம் சுத்தமாக இருந்தும் உங்களுக்கு வலிக்கிறது என்றால், வலியை நம்புங்கள்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். ஒருமுறை என் பல்லின் கழுத்துப் பகுதியில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. சொத்தை என்றே நினைத்துவிட்டேன். டாக்டர் கருவியால் தடவிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. எனாமலும் எலும்பும் இல்லாத அந்தக் குறுகிய இடத்தைக் கதிர் எளிதில் ஊடுருவிவிடுவதால் அப்படித் தெரியுமாம். சில பழைய பல்நிற அடைப்புகளும் படத்தில் கறுப்பாகவே விழும். நிழல் ஒன்றை மட்டும் வைத்து யாராவது உடனே குடைய வேண்டும் என்றால், "நேரில் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாமா?" என்று கேட்பது நியாயம்.

குழந்தைகள் விஷயத்தில் நான் இன்னும் கவனமாக இருக்கிறேன். வளரும் உடம்பு கதிருக்கு அதிகம் ஆட்படும். அதனால் தேவையில்லாத ஒரு படம்கூட வேண்டாம். அதே சமயம் பால் பல்லின் எனாமல் மெல்லியது, சொத்தை சீக்கிரம் நரம்பைத் தொட்டுவிடும். அதனால் தேவையான படத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. தம்பி மகனுக்கு நான்கு வயது. அவனுடைய கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி. டாக்டர் கண்ணாலேயே பக்கவாட்டு முகங்களைப் பார்த்துவிட்டார், படம் வேண்டாம் என்றார். என் மகளுக்கு எட்டு வயது. அவளுக்குப் பற்கள் நெருக்கி ஒட்டியிருந்தன, நடுவில் எதுவும் தெரியவில்லை. இரண்டே இரண்டு பைட்-விங் எடுக்கலாம் என்றார்.

அவளுக்கோ வாயில் எதை வைத்தாலும் குமட்டும். படம் எடுக்கும்போது அசைந்தால் மங்கும், மங்கினால் மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி எடுத்தால் கதிர் இரண்டு மடங்கு. எனவே போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பழகினோம். சுத்தமான பிரஷ்ஷின் கைப்பிடியைக் கடைவாயில் கடித்துக்கொண்டு, மூக்கால் மெதுவாக மூச்சுவிட்டு, கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே பத்து வரை எண்ணுவது. அங்கேயும் அதையே செய்தாள். குழந்தைகளுக்கான சின்ன அளவு சென்சார் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். அது பெரிய உதவி. பெரியவர்களுக்கும் குமட்டல் வரும், வெட்கப்பட எதுவும் இல்லை. நாக்கு நுனியில் ஒரு துளி உப்பு வைத்துக்கொள்வது எனக்கு உதவியிருக்கிறது. சென்சாரின் ஓரம் நாக்குக்கு அடியில் குத்தினால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் நகர்த்தி வைத்தால் வலியும் போகும், படமும் நேராக வரும்.

இரண்டு படமும் முதல் தடவையிலேயே தெளிவாக வந்தன. இடப்பக்கம் இரண்டு பால் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் ஒரு சின்ன நிழல், டென்டினைத் தொட்டும் தொடாமலும். அந்த வாரமே அடைத்தாயிற்று. பத்து நிமிட வேலை. மகளுக்கு அந்த நிழலில் அக்கறை இல்லை. பால் பல்லின் வேர்களுக்கு நடுவில், எலும்புக்குள், முழு உருவத்தோடு ஒரு பல்லின் தலை தெரிந்தது. "இது யாரோட பல்லு?" என்று டாக்டரிடம் கேட்டாள். "உன்னோடதுதான். இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல வெளியே வரும்" என்றார். அவள் திரையின் அருகே போய் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று இரவு அவள் பெயரில் ஒரு கோப்புறை திறந்து, தேதி போட்டு, இரண்டு படங்களையும் அதில் சேர்த்து வைத்தேன். பன்னிரண்டு மாதம் கழித்து டாக்டர் மறுபடி வாயைப் பார்ப்பார்; படம் வேண்டுமா என்பதை அன்றைக்கு முடிவு செய்வோம்.